தலைப்புப் பட்டை காணாமல் போனால்: எக்ஸ்எஃப்சிஇ சாளரச் சிக்கல்களும் சமாளிக்கும் வழிகளும்

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு ஓட்டுகிறவர்கள் பலர் கடைசியில் எக்ஸ்எஃப்சிஇ மேசைச்சூழலில்தான் வந்து நிற்கிறார்கள். எங்கள் வீட்டில் மூன்று கணினிகள் அதில் ஓடுகின்றன. 1996இல் ஒலிவியே ஃபூர்தான் தொடங்கிய திட்டம் இது. இதன் சாளர மேலாளருக்கு எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 என்று பெயர். இனி அதை 'மேலாளர்' என்றே சொல்கிறேன். "இதில் அந்த வசதி இல்லையே" என்று என்னிடம் கேட்டவர்களுக்கு உட்கார்ந்து பார்த்துக் கொடுத்தபோது, பாதிக்குமேல் அந்த வசதி உள்ளேயே இருந்தது, ஆனால் தேடிப் போகாத ஓர் இடத்தில். மீதிக்குத்தான் மாற்றுவழி தேவைப்பட்டது.

கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே, தொலைபேசியில் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதுபோல எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

முதலில்: கோளாறு யாருடையது?

திரையில் தெரிவதெல்லாம் மேலாளரின் வேலை இல்லை. சாளரத்தின் சட்டம், தலைப்புப் பட்டை, எந்தச் சாளரம் எங்கே திறக்கும், தட்டும் எழுத்து எந்தச் சாளரத்துக்குப் போகும், பணியிடங்கள் (மாறி மாறிப் போய்ப் பார்க்கும் தனித்தனி மேசைப் பரப்புகள்), நிழல், ஒளிபுகும் தன்மை: இவை மேலாளருடையவை. கீழேயோ மேலேயோ உள்ள பட்டையும் அதில் வரிசையாக நிற்கும் சாளரப் பெயர்களும் பேனலுடையவை. பின்னணிப் படமும் அதன்மேல் இருக்கும் சின்னங்களும் எக்ஸ்எஃப்டெஸ்க்டாப் என்ற தனி நிரலுடையவை. தீம், எழுத்துரு, நிரல்களைத் திறக்கும் குறுக்குவிசை இவையெல்லாம் அமைப்புகளைக் கவனிக்கும் பின்னணி நிரலுடையவை. ஆக, பேனல் பட்டை மட்டும் மறைந்து சாளரங்கள் ஒழுங்காக நகர்ந்தால் மேலாளரைத் தொடாதீர்கள். சின்னங்களும் எழுத்துருவும் திடீரென்று பழங்காலத்துக்குப் போய்விட்டாலும் அப்படியே.

மேலாளருக்கு அமைப்புப் பெட்டிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 'விண்டோ மேனேஜர்', இன்னொன்று 'விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்'. பலர் முதலாவதை மட்டும் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான விஷயங்கள் ட்வீக்ஸில்தான் இருக்கின்றன. அதிலும் இல்லாதவை 'செட்டிங்ஸ் எடிட்டர்' என்ற மூன்றாவது பெட்டியில் கிடைக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், பழைய மதிப்பை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நான்கை ஒரேயடியாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும்.

சாளரங்களுக்குத் தலைப்புப் பட்டையே இல்லை. நகர்த்தவோ மூடவோ முடியவில்லை

மேலாளர் விழுந்துவிட்டது. உள்ளே ஓடும் நிரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, எழுதிக்கொண்டிருந்த கோப்பும் பத்திரமாக இருக்கும். பதறிப்போய் மின்பொத்தானை அழுத்த வேண்டாம்.

ஆல்ட்டுடன் எஃப்2 அழுத்துங்கள். வரும் பெட்டியில் மேலாளரின் பெயர் (எக்ஸ், எஃப், டபிள்யூ, எம், 4), ஓர் இடைவெளி, இரண்டு சிறுகோடு, ஒட்டினாற்போல் 'ரீப்ளேஸ்' என்று தட்டி என்டர் கொடுங்கள். ஒரு நொடியில் பட்டைகள் திரும்பிவிடும்.

பெட்டி வந்தும் அதில் எழுத்து ஏறாமல் போகலாம். எழுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்கிற மேலாளரே இல்லையல்லவா. அப்போது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போங்கள். அங்கே கட்டளைக்கு முன்னால் எந்தத் திரைக்கு என்று சொல்ல வேண்டும்: பெரிய எழுத்தில் 'டிஸ்ப்ளே', சமக்குறி, முக்காற்புள்ளி, சுழியம், பிறகு இடைவெளி விட்டு மேலே சொன்ன அதே கட்டளை. இப்போது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்7 அழுத்தித் திரும்புங்கள். லினக்ஸின் சில வழங்கல்களில் (வகைகளில்) எஃப்7க்குப் பதில் எஃப்1 அல்லது எஃப்2 ஆக இருக்கும். திரும்பியதும் ஆல்ட் எஃப்2 வழியாக அதே கட்டளையை இன்னொரு முறை கொடுத்துவிடுங்கள். கறுப்புத் திரையிலோ முனையத்திலோ (கட்டளை தட்டும் டெர்மினல் சாளரம்) தொடங்கிய மேலாளர், அதை மூடும்போது சேர்ந்தே போய்விடும்.

சரி, ஒவ்வொரு முறை உள்நுழையும்போதும் பட்டை இல்லாமலே வருகிறதா? அதற்குக் காரணம் வேறு. வெளியேறும் பெட்டியில் 'அடுத்த முறைக்கு அமர்வைச் சேமி' என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும். மேலாளர் விழுந்து கிடந்த நேரத்தில் அந்த டிக்கோடு வெளியேறியிருந்தால், மேலாளர் இல்லாத நிலையையே கணினி சேமித்து வைத்திருக்கும். 'செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்' பெட்டியில் சேமித்த அமர்வுகளுக்கான தாவலுக்குப் போய் எல்லாவற்றையும் அழியுங்கள். இல்லாவிட்டால் கோப்பு மேலாளரில் கன்ட்ரோல் எச் அழுத்தி மறைந்த கோப்புறைகளைக் காட்டச் செய்து, '.கேஷ்' என்பதற்குள் இருக்கும் 'செஷன்ஸ்' கோப்புறையை நீக்குங்கள். அப்புறம் அந்த டிக்கை எடுத்தே வைத்திருங்கள். அதனால் கிடைக்கும் வசதியைவிடத் தரும் தொல்லைதான் அதிகம் என்பது என் கருத்து.

திரை முழுக்கப் பெரிதாகி, மவுஸோடு சேர்ந்து நகர்கிறது

ஒரு நாள் இரவு அக்கா ஃபோன் செய்தாள். "தம்பி, எல்லாம் பூதாகாரமா ஆயிடுச்சுடா. மவுஸை நகத்துனா திரையே ஓடுது." அவளுடைய கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது என்றே நினைத்திருந்தாள். "ஆல்ட்டை அழுத்திக்கிட்டே மவுஸ் சக்கரத்தை உன் பக்கமா உருட்டுக்கா" என்றேன். நாலைந்து உருட்டலில் சரியாகிவிட்டது.

இது கண்பார்வை குறைந்தவர்களுக்காக வைத்திருக்கும் நல்ல வசதி. ஆல்ட்டோடு சக்கரம் தவறுதலாகச் சேர்ந்துவிடுவதால் வருகிற குழப்பம்தான் இது. வேண்டாதவர்கள் செட்டிங்ஸ் எடிட்டரில் மேலாளரின் பெயரைத் தேர்ந்து, 'ஜெனரல்' என்பதன் கீழ் 'ஜூம் டெஸ்க்டாப்' மதிப்பை அணைத்துவிடலாம்.

சக்கரத்தால் வரும் தொல்லை இன்னும் இரண்டு உண்டு. சாளரம் சுருண்டு தலைப்புப் பட்டை மட்டும் நின்றால், பட்டையின்மேல் சக்கரத்தை உருட்டியிருக்கிறீர்கள்; எதிர்ப்பக்கம் உருட்டினால் விரிந்துவிடும். எல்லாச் சாளரமும் மாயமாகிவிட்டதுபோல இருந்தால், வெறும் பின்னணியில் சக்கரம் உருண்டு அடுத்த பணியிடத்துக்குப் போயிருப்பீர்கள். முதலாவதற்கான டிக் ட்வீக்ஸில் 'ஆக்சசிபிலிட்டி' தாவலிலும், இரண்டாவதற்கானது 'ஒர்க்ஸ்பேசஸ்' தாவலிலும் இருக்கின்றன. முதிர்ந்தவர்களுக்குக் கணினி அமைத்துக் கொடுக்கும்போது மூன்றையும் முதல் வேலையாக அணைத்துவிடுகிறேன்.

வீடியோ ஓடும்போது திரை குறுக்கே கிழிந்ததுபோலத் தெரிகிறது

ஒரு பாத்திரம் வேகமாக நடக்கும்போது தலை ஓரிடத்தில், உடல் விரல் அகலம் தள்ளி இன்னோரிடத்தில் தெரியும். பெரும்பாலான திரைகள் நொடிக்கு 60 முறை மேலிருந்து கீழாகப் புதுப்பிக்கப்படுகின்றன. அப்படி ஒரு சுற்று பாதியில் இருக்கும்போதே அடுத்த படத்தை அனுப்பிவிட்டால் மேல்பாதியில் பழைய படமும் கீழ்பாதியில் புதிய படமும் நிற்கும். அந்த ஒட்டுக்கோடுதான் கிழிசலாகத் தெரிகிறது.

எல்லாச் சாளரங்களையும் சேர்த்து ஒரே படமாக்கித் திரைக்கு அனுப்பும் பகுதிக்குக் காம்பாசிட்டர் என்று பெயர். ட்வீக்ஸில் 'காம்பாசிட்டர்' தாவலைத் திறந்து, அது இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். இயக்கத்தில் இருந்தும் கிழிந்தால் செட்டிங்ஸ் எடிட்டரில் மேலாளரின் 'ஜெனரல்' பகுதியில் 'விபிளாங்க் மோட்' என்று ஒன்று இருக்கும். 2019 ஆகஸ்டில் வந்த 4.14 பதிப்பிலிருந்து இது உண்டு. பெரும்பாலும் 'ஆட்டோ' என்றிருக்கும். அதற்குப் பதிலாக இடக்கூடிய மதிப்புகள் மூன்று: 'எக்ஸ்பிரசென்ட்', 'ஜிஎல்எக்ஸ்', 'ஆஃப்'. இன்டெல், ஏஎம்டி வரைகலைக்கு எக்ஸ்பிரசென்ட்டை முதலில் பாருங்கள். என்விடியாவின் சொந்த டிரைவர் போட்டிருந்தால் ஜிஎல்எக்ஸ் பாருங்கள். மதிப்பை மாற்றியதும் முதலில் சொன்ன ரீப்ளேஸ் கட்டளையைக் கொடுத்துவிட்டுப் பாருங்கள். அப்படியே வெறுமனே பார்த்தால் பழையதுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

அதற்கும் மசியாவிட்டால் 'பிகாம்' என்ற தனிக் காம்பாசிட்டரை நிறுவலாம். ஆனால் ஓர் உறையில் இரண்டு கத்தி கூடாது. ட்வீக்ஸில் உள்ளதை முதலில் அணைத்துவிட்டுத்தான் பிகாமைத் தொடங்க வேண்டும்.

கிழிசல் இல்லை, விளையாட்டுகள்தான் திக்குகின்றன என்றால், முழுத்திரைச் சாளரங்களை நேரடியாகக் காட்டச் சொல்லும் டிக் அதே தாவலில் இருக்கிறது. அதைப் போட்டுப் பாருங்கள். மிகப் பழைய கணினி என்றால் காம்பாசிட்டரையே அணைத்துவிடுங்கள். நிழல்களை இழப்பீர்கள், அதற்கு ஈடாகக் கணினி லேசாகிவிடும்.

சாளரத்தின் ஓரத்தைப் பிடிக்கவே முடியவில்லை

எக்ஸ்எஃப்சிஇ பற்றி நான் அதிகம் கேட்ட குறை இதுதான், நியாயமான குறையும்கூட. பல தீம்களில் ஓரம் ஒற்றைப் புள்ளி அகலம்தான். டச்பேடில் அதன்மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்துவது ஊசியில் நூல் கோக்கிற வேலை.

ஓரத்தைத் தேடாதீர்கள். ஆல்ட்டை அழுத்திக்கொண்டு, சாளரத்தின் உள்ளே ஒரு மூலைக்கு அருகில் எங்கே வேண்டுமானாலும் வலது பொத்தானால் இழுங்கள், அளவு மாறும். ஆல்ட்டோடு இடது பொத்தான் என்றால் சாளரம் நகரும். இதற்குக் கை பழகிவிட்டால் ஓரமே தேவைப்படாது. மவுஸ் இல்லாமல் செய்ய ஆல்ட் எஃப்8 அழுத்தி அம்புவிசைகளால் அளவை மாற்றி என்டர் கொடுங்கள். மேலாளரின் 'ஸ்டைல்' தாவலில் 'டிஃபால்ட்-எச்டிபிஐ' போன்ற தீமுக்கு மாறினால் ஓரமும் பொத்தான்களும் பெரிதாகும். அடர்த்தி மிகுந்த திரைகளில் தலைப்புப் பட்டை மட்டும் எறும்பளவில் நிற்பதற்கும் இதே மருந்துதான்.

ஜிம்ப், பிளெண்டர், இன்க்ஸ்கேப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதிலிருந்தே இன்னொரு சிக்கல் கிளம்பும். அந்த நிரல்களுக்கும் ஆல்ட் இழுப்பு தேவை, மேலாளர் அதை நடுவிலேயே பறித்துவிடும். ட்வீக்ஸ் 'ஆக்சசிபிலிட்டி' தாவலில் சாளரத்தைப் பிடிக்கும் விசை எது என்று கேட்கும் இடத்தில் ஆல்ட்டை எடுத்துவிட்டு 'சூப்பர்' வையுங்கள். விண்டோஸ் சின்னம் பொறித்த விசைதான் சூப்பர்.

தட்டிக்கொண்டிருக்கும்போது வேறு சாளரம் முன்னால் பாய்கிறது

எனக்கு நடந்தது: வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஓர் அரட்டைச் சாளரம் குதித்து வந்து, கடவுச்சொல்லின் பின்பாதி அதில் ஏறிவிட்டது. என்டர் அழுத்தியிருந்தால் ஒரு குழுவுக்கே போயிருக்கும். அன்றிலிருந்து எந்தக் கணினியிலும் இதை நான் விட்டுவைப்பதில்லை.

ட்வீக்ஸில் 'ஃபோகஸ்' தாவல். கவனத்தைப் பறிப்பதைத் தடுக்கும் டிக்கைப் போடுங்கள். புதிய சாளரம் இனி பின்னால் திறந்து, பேனலில் மின்னிக்கொண்டு காத்திருக்கும்.

அதே தாவலில், ஒரு சாளரம் தன்னை முன்னால் கொண்டுவர முயன்றால் என்ன செய்வது என்றும் ஒரு கேள்வி இருக்கும். முதல் பணியிடத்தில் அஞ்சல், மூன்றாவதில் உலாவி வைத்திருக்கிறீர்கள். அஞ்சலில் ஒரு இணைப்பைச் சொடுக்கியதும் உலாவி தன் இடத்தை விட்டு இங்கே வந்து உட்கார்ந்தால், 'இந்தப் பணியிடத்துக்குக் கொண்டுவா' என்ற தேர்வு போடப்பட்டிருக்கிறது. 'அந்தச் சாளரத்தின் பணியிடத்துக்குப் போ' என்பதற்கு மாற்றுங்கள், உலாவி இருந்த இடத்திலேயே இருக்கும், நீங்கள் அங்கே போவீர்கள். இரண்டும் பிடிக்காதவர்களுக்கு 'ஒன்றும் செய்யாதே' உண்டு.

ஒரு சாளரத்தில் தமிழ் வைத்தால் எல்லாவற்றிலும் தமிழ் வருகிறது

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது தினப்படி ரோதனை. கட்டுரையைத் தமிழ்99இல் எழுதிவிட்டு முனையத்துக்குப் போய்க் கட்டளை தட்டினால் அங்கும் தமிழ் எழுத்துகள் வந்து விழும். ஒவ்வொரு சாளரமும் தன் மொழியை நினைவில் வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நானும் நெடுநாள் ஏங்கியிருக்கிறேன். அந்த வசதி இருக்கவே செய்கிறது, ஆனால் மேலாளருக்குள் இல்லை.

தமிழை எப்படி உள்ளிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து வழி பிரியும். கணினியின் சொந்த விசைப்பலகை அமைப்புகளில் ஒன்றைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், பேனலில் 'கீபோர்ட் லேஅவுட்ஸ்' செருகுநிரலைச் சேருங்கள். அதன் பண்புகளில் அமைப்பை எப்படிக் கையாள்வது என்ற கேள்விக்கு மூன்று விடைகள் இருக்கும்: எல்லாவற்றுக்கும் ஒன்று, நிரலுக்கு ஒன்று, சாளரத்துக்கு ஒன்று. மூன்றாவதைத் தேர்ந்தால் கட்டுரைச் சாளரத்தில் தமிழும் முனையத்தில் ஆங்கிலமும் தாமாகவே மாறிக்கொள்ளும். பட்டியலில் ஆங்கிலம் முதலிடத்தில் இருக்கட்டும். தமிழ் முதலிடத்தில் இருந்தால் சில நிரல்களில் கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி வேலை செய்யாது.

ஐபஸ் என்ற மொழி உள்ளீட்டு நிரல் வழியாக எழுதுகிறவர்கள் ஐபஸ் விருப்பங்களில் 'அட்வான்ஸ்ட்' தாவலுக்குப் போங்கள். எல்லா நிரல்களும் ஒரே உள்ளீட்டு முறையைப் பகிரச் சொல்லும் டிக்கை எடுத்துவிடுங்கள். பேனல் செருகுநிரலையும் ஐபஸையும் சேர்த்து ஓட்டினால், நீங்கள் வைத்த அமைப்பை ஐபஸ் மாற்றிக்கொண்டே இருக்கும். இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. இரண்டும் வேண்டுமென்றால் ஐபஸில் 'கணினியின் விசைப்பலகை அமைப்பையே பயன்படுத்து' என்ற டிக்கைப் போடுங்கள்.

சூப்பர் விசையோடு இடைவெளி விசை அழுத்தினால் மொழி மாறாமல் மெனு திறக்கிறதா? சூப்பரைத் தனியாக அழுத்தினாலே மெனு வரும்படி யாரோ குறுக்குவிசை வைத்திருக்கிறார்கள். அதை நீக்குங்கள். மெனுவும் வேண்டும், சேர்க்கைகளும் வேண்டும் என்றால் 'எக்ஸ்கேப்' என்ற சிறு நிரல் இருக்கிறது. சூப்பரை அழுத்தி உடனே விட்டால் மட்டும் மெனுவின் குறுக்குவிசையை அனுப்பும், வேறொரு விசையோடு சேர்த்து அழுத்தினால் ஒதுங்கிக்கொள்ளும்.

தலைப்புப் பட்டையில் தமிழுக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் தமிழ் எழுத்துரு நிறுவப்படவில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழ் போட்டால் சரியாகிவிடும்.

உண்மையிலேயே இல்லாதவை

திரையின் ஓரத்துக்கு இழுத்தால் பாதியையும், மூலைக்கு இழுத்தால் கால்வாசியையும் சாளரம் நிறைக்கும். ஓரத்துக்கு இழுக்கும்போது அடுத்த பணியிடத்துக்குத் தாவினால் விண்டோ மேனேஜரின் 'அட்வான்ஸ்ட்' தாவலில் இழுக்கும் சாளரத்தோடு பணியிடம் மாறும் டிக்கை எடுங்கள். ஆனால் மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கு இதில் கிடையாது. அகலத் திரை வைத்திருப்பவர்களுக்கு அது நிஜமான இழப்பு.

'டபிள்யூஎம்கன்ட்ரோல்' (தட்டும்போது டபிள்யூ, எம், சி, டி, ஆர், எல்) என்ற நிரலால் இதைச் சமாளிக்கிறேன். எந்தச் சாளரம் என்பதையும் ஐந்து எண்களையும் அதற்குக் கொடுக்கலாம்: முதலில் ஒரு சுழியம், பிறகு இடமிருந்து தூரம், மேலிருந்து தூரம், அகலம், உயரம். 1920 புள்ளி அகலத் திரையில் மூன்றில் ஒரு பங்கு 640. எனவே இடத் தூரம் 0, 640, 1280 என்று மூன்று கட்டளைகள். ஒவ்வொன்றையும் 'கீபோர்ட்' அமைப்பில் ஒரு குறுக்குவிசையோடு கட்டியிருக்கிறேன். உயரத்தில் பேனலுக்கும் தலைப்புப் பட்டைக்கும் இடம் விட்டுக் கணக்குப் போடுங்கள். பெரிதாக்கப்பட்ட சாளரம் இதற்கு அசையாது, முதலில் அதைச் சாதாரண அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

இன்ன நிரல் எப்போதும் இன்ன பணியிடத்தில் திறக்க வேண்டும் என்று சொல்லவும் மேலாளரில் வழியில்லை. சில நிரல்கள் தங்கள் இடத்தைத் தாமே நினைவில் வைத்துக்கொள்கின்றன, பல வைத்துக்கொள்வதில்லை. அதற்கு 'டெவில்ஸ்பை2'. லூவா மொழியில் சின்னக் குறிப்பு எழுதி அதன் அமைப்புக் கோப்புறையில் வைத்தால், புதிய சாளரம் ஒவ்வொன்று திறக்கும்போதும் அதைப் படித்துப் பார்க்கும். என்னுடையது மூன்றே வரி: நிரலின் பெயர் இதுவா என்று கேட்கும் வரி, ஆம் என்றால் 3ஆம் பணியிடத்துக்கு அனுப்பும் வரி, முடிவு. பெயரை ஊகித்து எழுதாதீர்கள். பட்டையில் நாம் பார்க்கும் பெயரும் நிரல் தனக்கு வைத்திருக்கும் பெயரும் பல நேரம் வேறாக இருக்கும். டெவில்ஸ்பை2ஐ முனையத்தில் 'டீபக்' தேர்வோடு ஓட்டி, பெயரை அச்சிடும் ஒரு வரியை எழுதிவைத்தால், சாளரம் திறந்ததும் சரியான பெயர் அங்கே வந்து விழும். அதை அப்படியே படியெடுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் முக்கியம்.

எல்லாச் சாளரங்களையும் ஒரே பார்வையில் பரப்பிக் காட்டும் வசதிக்கு 'ஸ்கிப்பி-எக்ஸ்டி' போதும். ஒரே நிரலின் சாளரங்களுக்குள் மட்டும் தாவ சூப்பர் டேப் ஏற்கெனவே இருக்கிறது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இங்கே சொன்ன மாற்றுவழிகள் திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய அடித்தளமான எக்ஸ்11இல்தான் செல்லும். 2024 டிசம்பரில் வந்த 4.20 பதிப்பில் அதற்கு மாற்றான வேலண்டுக்கு ஆதரவு சோதனை நிலையில் வந்திருக்கிறது. ஆனால் அங்கே சாளரங்களைக் கவனிப்பது இந்த மேலாளர் இல்லை, லேப்டபிள்யூசி போன்ற வேறொன்று. இந்த வசதிகளை நம்பி வேலை செய்கிறவர்கள் உள்நுழையும்போது எக்ஸ்11 அமர்வையே தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது திரையைக் கழற்றியதும் சாளரம் கண்ணுக்குத் தெரியவில்லை

பேனலில் பெயர் இருக்கும், சாளரம் இருக்காது. இப்போது இல்லாத திரையின் பரப்பில் அது நின்றுகொண்டிருக்கிறது. ஆல்ட் டேப்பால் அதைத் தேர்ந்து, ஆல்ட் எஃப்7 அழுத்தி, அம்புவிசையால் உள்ளே இழுத்துவந்து என்டர் கொடுங்கள். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் ஆல்ட் எஃப்10. பெரிதாக்கினால் இருக்கிற திரைக்குள்தான் வந்தாக வேண்டும்.

எதைச் செய்தும் சரியாகவில்லை

புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கேயும் அதே கோளாறு இருந்தால் டிரைவரிலோ நிறுவலிலோ பிழை, அமைப்புகளை நோண்டிப் பயனில்லை. அங்கே ஒழுங்காக இருந்தால் உங்கள் அமைப்புக் கோப்புதான் கெட்டிருக்கிறது.

முழுதாக வெளியேறுங்கள். கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3இல் உள்ளே போய், வீட்டுக் கோப்புறையில் '.கான்ஃபிக்', அதற்குள் 'எக்ஸ்எஃப்சிஇ4', அதற்குள் 'எக்ஸ்எஃப்கான்ஃப்', அதற்குள் பெயர் 'பெர்சேனல்-எக்ஸ்எம்எல்' என்று முடியும் கோப்புறைக்குப் போங்கள். அங்கே மேலாளரின் பெயரில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவையுங்கள், பிறகு ஏதாவது ஓர் அமைப்பு நினைவுக்கு வராமல் போனால் திறந்து பார்க்கலாம். உள்நுழைந்த நிலையிலேயே இதைச் செய்யாதீர்கள். அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் நிரல் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் நீக்கியதைப் பழைய மதிப்புகளோடு மறுபடி எழுதிவிடும். மாற்றியபின் கறுப்புத் திரையில் 'எக்ஸிட்' கொடுத்து, எஃப்7க்குத் திரும்பி, வழக்கம்போல உள்நுழையுங்கள். மேலாளர் புதிதாக நிறுவியதுபோல வரும். தாளில் குறித்து வைத்த மதிப்புகளை அதன்பின் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொள்ளலாம்.